என் தப்பை எனக்குத் திருப்பிக் கொடு

அன்புள்ள மகனுக்கு,

நீயும் கோமதியும் கோயம்புத்தூரில் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீங்கள் சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் யார் என்பதும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. பெற்ற பிள்ளைமேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று உன் அம்மா கேட்டாள். படுவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ "விடுங்கப்பா" என்பாய். அந்த ஒரு சொல்லை வைத்தே இத்தனை வருஷமாக என் வாயை அடைத்திருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. தலைதீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் குற்றாலம் வருகிறபோது, கோமதியும் அவள் அப்பாவும் கேட்க இதை நீ சத்தமாகப் படிக்க வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எல்லாம் அந்தக் கல்யாண அழைப்பிதழில் தொடங்கியது. சம்பந்தி கோமதியையும் கூட்டிக்கொண்டு நம் தென்காசி வீட்டுக்கு வந்து, அழைப்பிதழில் யார் யார் பெயர் எப்படி வரவேண்டும் என்று எழுதிய தாளை என் கையில் கொடுத்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. அவர் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.எட்., எம்.பில். என்று சரக்கு ரயில் மாதிரி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. என் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு வரி: சிறப்பு உதவி ஆய்வாளர் (ஓய்வு). அந்தத் தாளைப் பார்த்தபோதே எனக்கு வயிறு எரிந்தது. நான் பிளஸ் டூ முடித்ததும் காக்கிச் சட்டை போட்டவன், என்னிடம் போட்டுக்கொள்ள வேறு எழுத்து இல்லை. இருந்தாலும் அந்த ஒரு வரியாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு காபி குடித்தேன்.

கோமதிக்கு இது தெரிந்திருக்காது, அதனால் விளக்கிச் சொல்கிறேன். ஊர் உலகத்தில் சிறப்பு என்றால் ஒரு படி மேலே. சிறப்பு தரிசனம், சிறப்பு விருந்தினர், சிறப்புப் பேருந்து. எங்கள் துறையில் மட்டும் சிறப்பு என்றால் ஒரு படி கீழே. பரீட்சை எழுதித் தேறி வருகிறவர் உதவி ஆய்வாளர். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஏட்டாகி, வருஷக் கணக்குக்காகக் கடைசியில் மேலே ஏற்றிவிடப்படுகிறவர் சிறப்பு உதவி ஆய்வாளர். ஸ்டேஷனில் அந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். நேற்று வந்த சின்னப் பையன் எஸ்.ஐ. என்றால் எழுந்து நிற்பார்கள். எனக்கும் எழுந்து நிற்பார்கள், ஆனால் பாதி எழும்போதே உட்கார்ந்துவிடுவார்கள். நான் எத்தனை உயர்ந்தும் எல்லோருக்கும் ஏட்டையாவாகவே இருந்தேன்.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "எப்பா, பேரு மட்டும் போதும். பட்டம், பதவி ஒண்ணும் வேண்டாம். ரெண்டு வீட்டுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்." கோமதியும் அதையே சொன்னாள். இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தீர்கள். சம்பந்தி கோபப்படுவார், என் பக்கம் நிற்பார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் சிரித்தார். "நல்லதாப் போச்சு மாப்பிள்ள. அவ்வளவையும் படிச்சு முடிக்கதுக்குள்ள முகூர்த்தமே முடிஞ்சிரும்" என்றார். எனக்கு அவர்மேல் இன்னும் எரிச்சல் வந்தது. அவரால் சிரிக்க முடியும். குற்றாலத்தில் பஸ் விட்டு இறங்கி அவரோடு வீடு வரைக்கும் நடந்து பார், பழக்கடைக்காரர் சார் என்கிறார், லாட்ஜ் மேனேஜர் சார் என்கிறார், ஓடுகிற பஸ்ஸிலிருந்து டிரைவர் கையைத் தூக்கி சார் என்கிறார். எழுத்தை எடுத்துவிட்டாலும் அவருக்கு எதுவும் குறையாது. என்னையோ, நான் ஓய்வு பெற்ற மறு வாரமே டீக்கடைப் பையன் பெரியவரே என்று கூப்பிட்டான். என்னிடமிருந்து அந்த வரியை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்று உங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கோமதிக்கு மட்டும் கொஞ்சம் தோன்றியது. கல்லூரியில் பிள்ளைகளுக்கு மனசு சம்பந்தமாக ஆலோசனை சொல்கிற வேலை பார்க்கிறவள் அல்லவா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். "மாமா, உங்களுக்கு வருத்தமா இருக்கா?" என்றாள். இல்லையம்மா என்றேன். "சரி, விளையாட்டுக்குக் கேக்கேன். உங்களுக்கு நீங்களே மார்க் போட்டா பத்துக்கு எத்தன போடுவீய?" என்றாள். நான் உடனே, "யாரு திருத்துதா?" என்று கேட்டேன். "நீங்கதான் மாமா திருத்தணும்." "நாமளே எழுதி நாமளே திருத்துனா அது என்ன பரீச்சம்மா?" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் நான் அதை வேடிக்கைக்குக் கேட்கவில்லை. திருத்துகிறவர் வெளியே இல்லாமல் ஒருவன் தனக்கு எப்படி மார்க் போட்டுக்கொள்ள முடியும் என்பது எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

என் பரீட்சையை மற்றவர்கள்தான் திருத்தினார்கள். சீசன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவியில் டியூட்டி போட்டால் மற்றவர்கள் முனகுவார்கள். நாள் முழுக்கச் சாரலில் நனைந்துகொண்டு நிற்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும். அத்தனை ஊரிலிருந்து அத்தனை பெரிய மனிதர்கள் வந்து துண்டோடு நிற்பார்கள். டாக்டரா, வக்கீலா, மில் முதலாளியா என்று தெரியாது. நான் ஒரு விசில் ஊதினால் எல்லோரும் திரும்புவார்கள். நீ அப்போது நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ, அம்மாவோடு குளிக்க வந்திருந்தாய். திடீரென்று தண்ணீர் கூடியது. நான் விசில் ஊதி, கத்தி, அத்தனை கூட்டத்தையும் வெளியே கொண்டுவந்தேன். அன்றைக்கு வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "எப்பா, தண்ணி செவப்பா வந்தப்பவே எல்லாரும் கெளம்பிட்டாவ. நீங்க பெறவுதான் ஊதுனீய" என்றாய். சின்னப் பிள்ளை, கண்டதைச் சொன்னாய். உன் அம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனேன்.

அதே வருஷமோ அடுத்த வருஷமோ, உன் பள்ளிக்கூட விளையாட்டு விழா. ஓட்டப்பந்தயத்தில் நீ கடைசி. கடைசி என்றால், மற்றவர்கள் பரிசு வாங்க வரிசையில் நிற்கும்போது நீ இன்னும் ஓடிக்கொண்டிருந்தாய். நான் யூனிபார்மோடு வந்திருந்தேன், எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீ பாதியில் நின்றிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை, கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம். நீ நிற்கவில்லை. முடித்துவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்து, "எப்பா, பாத்தீயளா, கடைசில எல்லாரும் எனக்குத்தான் கை தட்டுனாவ" என்றாய். அவர்கள் கேலிக்குத் தட்டினார்கள் என்று நான் உனக்கு விளக்கினேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "தட்டுனாவல்லா" என்றாய். உன்னை என்ன செய்தாலும் கூச வைக்க முடியாது என்று எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். அந்தத் தோல் உனக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை. உன் அம்மாவும் அப்படிப்பட்டவள் இல்லை. எனக்குக் கிடைக்காத ஒன்றை நீ பிறக்கும்போதே கொண்டுவந்தாய், அதைப் பார்த்துக்கொண்டே உன்னை வளர்த்தேன். சட்டை வாங்கிக் கொடுத்தேன், ஃபீஸ் கட்டினேன், உனக்குக் காய்ச்சல் என்றால் உட்கார்ந்து நெற்றியில் துணி நனைத்துப் போட்டேன். கூடவே பொறாமையும் பட்டேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியாது என்று நினைக்காதே.

எஸ்.ஐ. ஆவதற்குத் துறைக்குள்ளேயே ஒரு பரீட்சை உண்டு. என்னோடு ஒரே நாளில் சேர்ந்த திருவேங்கடத்துக்காரர் ஒருவர் எழுதினார். முதல் தடவை போயிற்று, இரண்டாம் தடவை தேறினார், பிறகு எனக்கே அதிகாரியாக வந்து உட்கார்ந்தார். நான் எழுதவே இல்லை. வேலைப் பளு, உன் படிப்பு, உங்கள் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. எழுதாதவனை யாரும் ஃபெயில் என்று சொல்ல முடியாது. "நெனச்சிருந்தா நீரும் ஆயிருக்கலாம்வே" என்று மற்றவர்கள் சொல்லும்போது காதுக்கு இதமாக இருந்தது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே வேலைக் காலம் முழுவதையும் ஓட்டிவிட்டேன். ஆனால் அந்தத் திருவேங்கடத்துக்காரர் ஜீப்பில் போகும்போது ஒரு நாள்கூட நான் நிம்மதியாக சல்யூட் வைத்ததில்லை.

இப்போது அச்சகத்துக்குப் போன கதை. நீயும் கோமதியும் அவரவர் வேலைக்குத் திரும்பியபிறகு, பெயர் மட்டும் போட்ட அழைப்பிதழ் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. எடுத்துப் பார்த்தேன். ஆலங்குளத்தில் என் பெயர் வைத்த இன்னொரு ஆள் மளிகைக்கடை வைத்திருக்கிறார், அவர் பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் இப்படித்தான் இருக்கும். ஸ்டேஷன்காரர்களுக்கு, எனக்கு அதிகாரியாக இருந்தவர்களுக்கு இதை எப்படி நீட்டுவது? தென்காசியில் எனக்குப் பழக்கமான அச்சகத்துக்குப் போய், துறை ஆட்களுக்கென்று தனியாக ஒரு கட்டு அடிக்கக் கொடுத்தேன். எல்லாப் பதவியும் போட்டு எழுதிக் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே வரும்போது பேனா தானாகச் சிறப்பைத் தாண்டிப் போயிற்று. தானாக என்று எழுதினேன் பார், இப்போதுகூட. நான்தான் தாண்டினேன். உதவி ஆய்வாளர் (ஓய்வு). அச்சகத்துக்காரர் வாசித்துவிட்டு, "அண்ணாச்சி, சிறப்பு விட்டுப்போச்சே, சேத்துருவமா?" என்றார். "வேண்டாம், எடம் பத்தாது" என்றேன். அந்த வரியில் ஒரு பஸ்ஸை நிறுத்துகிற அளவுக்கு இடம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். இன்னொன்றும் செய்தேன். சம்பந்தி பெயருக்குப் பின்னால் தலைமையாசிரியர் (ஓய்வு) என்று மட்டும் எழுதினேன். அந்தப் பட்டங்கள் அத்தனையையும் விட்டுவிட்டேன். அவற்றுக்கும் இடம் பற்றவில்லை என்று வைத்துக்கொண்டேன். அவரைவிட உயர வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும் என்றுதான் என் ஆசை. அதற்கு நான் எக்கிப் பார்த்தேன், எட்டவில்லை, அவரைக் குனிய வைத்தேன்.

மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் பார்த்தது தெரியாது. வரவேற்பு நேரம். வெளியே சாரல், உள்ளே கூட்டம். முன்பு எனக்கு எஸ்.ஐ.யாக இருந்து இப்போது ஆய்வாளராகிவிட்ட ஒரு தம்பி மேடை ஏறி வந்தார், கையில் அழைப்பிதழ். "ஏட்டையா, ரிட்டயர்டு ஆனப்புறம் உங்களுக்குப் பிரமோஷன் கொடுத்திருக்காங்க, எங்களுக்கு ஆர்டரே வரலையே!" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். பின்னால் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். சம்பந்தி திரும்பினார். என் கை வேட்டியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. நீ அந்த அழைப்பிதழை வாங்கி ஒரு தடவை வாசித்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்துக்கொண்டே, "அது நான் அடிக்கக் குடுத்தது சார். ஒரு வார்த்த விட்டுப்போச்சு, நான் சரியாப் பாக்கல. தப்பு என்மேலதான். வாங்க, போட்டோ எடுப்போம்" என்றாய். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்காவது ஒரு சுருக்கம் விழுகிறதா, காது சிவக்கிறதா என்று தேடினேன், போலீஸ்காரன் புத்தி. ஒன்றும் இல்லை. அத்தனை பேர் முன்னால் செய்யாத தப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயாசம் கேட்டு வாங்கிக் குடித்தாய். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, வெட்கம்கூட இல்லை. இவனால் மட்டும் எப்படி முடிகிறது என்ற எரிச்சல்தான்.

அதன்பிறகு ஊர் என்னை விட்டதா? கோயில் வாசலில் ஒருவர், மார்க்கெட்டில் ஒருவர், டீக்கடையில் தினமும் ஒருவர். "ஏட்டையா, பிள்ளன்னா இப்படில்லா இருக்கணும். அப்பாவுக்குப் பெருமையா இருக்கட்டும்னு தனியா பத்திரிக அடிச்சிருக்கான் பாருங்க!" திருடியவன் நான், மாலை உனக்கு. என் தப்புக்குக்கூட உனக்குத்தான் கைதட்டு விழுகிறது. அன்றைக்கு ஓட்டப்பந்தயத்தில் விழுந்த மாதிரியே. நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன்.

பேசாமலே இருந்திருப்பேன். போன வாரம் சம்பந்தியும் அவர் மனைவியும் தாம்பூலம், பழம் எல்லாம் கொண்டுவந்து, தலைதீபாவளிக்கு எங்களையும் சேர்த்து அழைத்தார்கள். பேச்சோடு பேச்சாகச் சம்பந்தியம்மாள் உன் அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள். மண்டபத்தில் அந்த அழைப்பிதழைப் பார்த்ததிலிருந்து கோமதி உன்னோடு சரியாகப் பேசுவதில்லையாம். அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறாள். "அவங்க அப்பாவுக்குச் சேக்கணும்னா சேக்கட்டும், நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? எங்க அப்பாவுக்கு எதுக்கும்மா கொறைக்கணும்? அதுவும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம" என்றாளாம். நீ அவளிடமும் "தப்புதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாயாம். சம்பந்தி குறுக்கே புகுந்து, "சின்னப் பிள்ளைக, சரியாயிரும். மாப்பிள்ளைக்கு அப்பாமேல அம்புட்டுப் பிரியம், அதான்" என்றார். அவருடைய எம்.ஏ.யையும் எம்.பில்.லையும் நான் வெட்டி எறிந்திருக்கிறேன், அவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் மகனுக்காகப் பரிந்து பேசுகிறார். எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். "சம்பந்தி, அது அவன் செஞ்சதில்ல. நாந்தான் அடிச்சேன். சிறப்ப எடுத்தது நான், ஒங்க படிப்ப எடுத்ததும் நான்."

அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நீங்க இப்படித்தான் சொல்லுவீயன்னு எனக்குத் தெரியும் சம்பந்தி. பிள்ளைய விட்டுக் குடுக்க மாட்டீய. இந்த மனசு எல்லாருக்கும் வராது" என்றார். சம்பந்தியம்மாள், "எங்க மாப்பிள்ளயக் காப்பாத்துதாவ பாருங்க" என்று உன் அம்மாவிடம் சொன்னாள். நான் இரண்டு தடவை இல்லை, இல்லை என்றேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அவர்கள் போனபிறகு உன் அம்மா வாசலில் நின்றபடியே சொன்னாள்: "நீங்க சொன்னதுகூட எனக்கு நெறவாத்தான் இருந்துச்சு. அவுக நம்பலன்னதும் ஒங்க மொகத்துல ஒரு சந்தோஷம் வந்துச்சு பாத்தீயளா, அதத்தான் என்னால சகிக்க முடியல." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது உண்மை. ஒருவர் என் கையைப் பிடித்து, நீ பெரிய மனிதன் என்று சொன்னதும், அது பொய் என்று தெரிந்தும், எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது.

அதற்குப் பிறகு இந்த ஒரு வாரமாகக் கோமதி கேட்ட கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். திருத்துகிறவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், என் தாளைப் பார்க்காமலே மார்க் போட்டால் அதை வைத்து நான் என்ன செய்வது? சம்பந்தி எனக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டுப் போனார். அது வேறு யாருடைய தாளோ. என் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான், உன் அம்மா அரைவாசி. அப்படியானால் கோமதி சொன்னது சரிதான், நான்தான் திருத்த வேண்டும். இது புரிவதற்கு எனக்கு இத்தனை வயதாயிற்று. புரிந்ததும் மனசு லேசாகிவிட்டது என்று எழுத ஆசை, ஆனால் ஆகவில்லை. நேற்றுகூட டீக்கடையில் யாரோ யாரையோ எஸ்.ஐ. சார் என்று கூப்பிட்டதும் தலை திரும்பிற்று.

இனி உனக்கு ஒன்று. அப்பன் புத்தி சொல்லும் இடம் இது, பொறுத்துக்கொள். தப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டபோது உனக்கு வலிக்கவில்லை. அதனால் அது சும்மா கிடைத்தது என்று நினைத்துவிட்டாய். சும்மா இல்லை. உனக்கு வலிக்காதது எல்லாம் கோமதிக்கு வலித்தது. நீ யாரிடமும் மதிப்பு கேட்டு நிற்காதவன், அதனால் ஒருவரைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தால் அவருக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரிவதில்லை. அவள் அப்பாவின் படிப்பை நீ வெட்டினாய் என்று நம்பிக்கொண்டு ஒரு பெண் உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவளிடமாவது நீ உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் காப்பாற்றுவதற்காக அவளை விட்டுக்கொடுத்தாய். இதில் உன்மேல் எனக்குப் பொறாமை இல்லை, கோபம்தான்.

இன்னொன்று, இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். மேடையில் அந்த அழைப்பிதழை வாசித்துவிட்டு நீ என்னைப் பார்த்தாய் அல்லவா, ஒரு நொடி. அந்த நொடியில் நீ ஒரு முடிவுக்கு வந்தாய். அப்பாவால் இதைத் தாங்க முடியாது என்று. ஊரில் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ மார்க் போட்டிருக்கிறார்கள். நீ போட்டது அதுதான். அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அன்பினால் செய்தாய் என்று தெரியும். அப்படியே இருக்கட்டும், ஆனாலும் அது என் தப்பு. நான் யோசித்து, நடந்து போய், காலண்டரைப் பார்த்துக்கொண்டு செய்தது. முழுக்க முழுக்க என்னுடையது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் அதிகம் இல்லை. அதையும் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டால் எப்படி? என் தப்பை எனக்குத் திருப்பிக் கொடு.

நான் சொன்னால் சம்பந்தி நம்ப மாட்டார் என்று பார்த்துவிட்டேன். நீ சொன்னால்தான் நம்புவார். தீபாவளியன்று அருவியில் தண்ணீர் எப்படி இருக்குமோ, குளிக்க விடுவார்களோ என்னவோ. விடாவிட்டால் வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பலகாரம் சாப்பிட்டு முடித்ததும், எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது இதை எடுத்து வாசி. ஒரு வரிகூட விடாதே, ஏட்டையா என்று வருகிற இடங்களையும் சேர்த்து. நானும் உன் அம்மாவும் அங்கேதான் இருப்போம். நான் எழுந்து வெளியே போகப் பார்ப்பேன். விடாதே. கோமதி, நீயும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன் அப்பாவின் பெயருக்குப் பின்னால் இருந்ததை எடுத்தது உன் புருஷன் இல்லை அம்மா, நான். அவருக்குப் பின்னால் எத்தனை எழுத்து இருந்தது என்று எனக்கு இன்னும் மனப்பாடம். அத்தனை பொறாமை.

நீ கேட்ட மார்க்கையும் போட்டுவிட்டேன் அம்மா. பத்துக்கு நாலு. குறைச்சல்தான், ஃபெயில் இல்லை. முதல் தடவையாகப் பக்கத்துத் தாளைப் பார்க்காமல் எழுதியது.

கடிதத்தை முடிக்கும்போது உன் அப்பா என்பதோடு நிறுத்திப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. பதவி இல்லாமல் நிற்க உன்னால் முடியும் மகனே, எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் இந்தத் தடவை இடம் தாராளமாக இருக்கிறது.

உன் அப்பா,
சிறப்பு உதவி ஆய்வாளர் (ஓய்வு),
தென்காசி.